கேள்வித்தாளில் எழுதின தமிழ்

மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, மகள் நெற்றியில் சிலுவை போட்டு, கையில் டிபன் டப்பாவோடு ஆரோக்கியமேரி பரீட்சைக்குக் கிளம்பியதைப் போன வாரம் பார்த்தோம். ஆமாம், பரீட்சை மகளுக்குத்தான். ஆனால் புணேயில் கிர்க்கியிலிருந்து கேம்ப் வரை பஸ்ஸில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்தால் யார் எழுதப் போகிறார்கள் என்று சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஜான்சிக்கு இது மூன்றாவது தடவை. பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் எல்லாத் தாளும் தேறியாயிற்று; சொற்பொருளும் இலக்கணமும் கேட்கிற அந்த ஒரு பாழாய்ப்போன தாள் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கிர்க்கிப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் தற்காலிக டீச்சர். ஜூனுக்குள் பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று பெரிய டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டாள். அப்பா லூர்துசாமிக்கு மே மாதத்தோடு தொழிற்சாலையிலிருந்து ஓய்வு. குவார்ட்டர்ஸையும் காலி பண்ண வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் என்று இருக்கப்போவது ஜான்சி ஒருத்திதான்.

அண்ணன் விஜய் இருக்கிறானே என்பீர்கள். இருக்கிறான், இதே ஊரில் பாணேரில், கம்ப்யூட்டர் கம்பெனியில். ஆனால் கிரிஜாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போன இரண்டு வருஷத்தில் அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்தக் கிரிஜா ஆங்கில விரிவுரையாளர். அதுவும் எந்தக் கல்லூரியில் என்றால், ஜான்சி இன்று பரீட்சை எழுதுகிற இதே கல்லூரியில். விதி சில நேரம் வேலை வெட்டி இல்லாமல் இப்படி விளையாடும்.

சரி, ஹாலுக்குப் போவோம்.

மணி பத்தேகால். ஜான்சி கேள்வித்தாளைத் திருப்பினாள். முதல் கேள்வியே அவளைத் தோற்கடிக்கிற கேள்வி. இதற்கு முன் பார்த்தே இராத ஓர் உரைநடைப் பகுதி. அதில் அடிக்கோடிட்ட சொற்களுக்குப் பொருள் எழுத வேண்டும், நீளமான வாக்கியங்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஓர் ஓடக்காரன், அவிழ்த்துவிட்ட கயிறு, மறுகரையில் காத்திருக்கிற பெண். வாக்கியங்கள் ஒவ்வொன்றும் ரயில் மாதிரி நீளம்.

ஜான்சி ஏழாம் வகுப்பு வரை கிர்க்கியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். புத்தியில் எதுவும் முதலில் தமிழில்தான் இறங்கும். எழுவாய் எது, பயனிலை எது, செயப்படுபொருள் எது என்று கண்டுபிடித்துவிட்டால் எந்த வாக்கியமும் அடங்கிவிடும் அவளுக்கு. அதற்காக வாக்கியத்தின் மேல் பொடி எழுத்தில் ‘எ’, ‘ப’, ‘செ’ என்று குறி போடுவாள். பிறகு பக்கத்தின் பின்புறம் வரிவரியாகத் தமிழில் எழுதிப் பார்ப்பாள். வீட்டில் அவள் புத்தகங்களைத் திறந்தால் இங்கிலீஷைவிடத் தமிழ்தான் அதிகம் இருக்கும்.

கேள்வித்தாளில் இருக்கை எண்ணைத் தவிர எதுவும் எழுதக் கூடாது என்பது சட்டம். போன இரண்டு தடவையும் சட்டத்துக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு தடவையும் கோட்டை விட்டாள். இந்த முறை பென்சிலை எடுத்துவிட்டாள். லேசாக எழுதுவோம், கடைசியில் ரப்பரால் அழித்துவிடுவோம் என்பது அவள் கணக்கு. அப்படி எழுத ஆரம்பித்ததும் ஓடக்காரனும் கயிறும் மறுகரைப் பெண்ணும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தார்கள். சந்தோஷத்தில் உடம்பே லேசாகிப்போனது.

“ஹே காய் ஆஹே?”

தலைக்கு மேலே குரல். மீசை வைத்த மேற்பார்வையாளர். இது என்ன என்று கேட்டுக்கொண்டே கேள்வித்தாளை உருவிவிட்டார்.

“சார், ரஃப் வொர்க் சார்... மீனிங்...”

அவர் ‘எ’, ‘ப’, ‘செ’ என்ற பொடி எழுத்துகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரகசியக் குறி என்று முடிவு கட்டிவிட்டார். ஹால் முழுக்கத் தலைகள் திரும்பின.

*

பரீட்சைக் கண்காணிப்பாளர் ஜகதாப்பின் அறையில் ஒரு பெண் ஊழியர் ஜான்சியின் துப்பட்டாவை உதறிப் பார்த்தாள், பையைக் கவிழ்த்தாள். துண்டுச்சீட்டு எதுவும் அகப்படவில்லை.

“விழுங்கியிருப்பாள்” என்றார் மீசைக்காரர்.

ஜகதாப் நல்ல மனுஷர்தான். ஆனால் முப்பது வருஷமாகக் காப்பி அடிக்கிறவர்களையே பார்த்துப் பார்த்து, இந்த உலகத்தில் வேறு மனிதர்களும் உண்டு என்பதை மறந்துபோனவர். ஜான்சி மராத்தியிலும் இந்தியிலுமாகக் கெஞ்சினாள். இந்த உரைநடைப் பகுதியின் அர்த்தத்தைத்தான் எழுதினேன், வேறொன்றும் இல்லை, யாரையாவது படிக்கச் சொல்லுங்கள் என்றாள்.

“எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். படிக்க ஆள் வருகிறது, பொறு.”

கதவைத் தள்ளிக்கொண்டு கிரிஜா வந்தாள்.

பருத்திப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. அதில் கிரிஜா கிருஷ்ணஸ்வாமி என்று அப்பா பேர்தான் போட்டிருந்தது. ஜான்சியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். இவள் அவளைப் பார்க்க, அவள் இவளைப் பார்த்தாள். ஜான்சிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி மூச்சு வந்தது. ஆயிரம் கோபம் இருக்கட்டும், தமிழ் தெரிந்தவள் வந்துவிட்டாள், தப்பித்தோம் என்று நினைத்தாள்.

“மேடம், உங்கள் பாஷை. இது இரண்டாம் கேள்வியில் வருகிற பாட்டுக்கான குறிப்புதானே?” ஜகதாப் மராத்தியில் கேட்டார்.

ஜான்சிக்குத் திக்கென்றது. பாட்டு பாடத்திட்டத்தில் உள்ளது. அதற்குக் குறிப்பு என்றால் வெளியிலிருந்து கொண்டுவந்தது என்று ஆகிவிடும். உரைநடைப் பகுதியோ அன்று காலை கவரைப் பிரிக்கிற வரை யாரும் கண்டதில்லை. இரண்டில் எது என்று சொல்ல ஒரே ஒரு வரியைப் படித்தால் போதும்.

கிரிஜா காகிதத்தை வாங்கினாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியது.

“ஆமாம் சார்” என்றாள் கடைசியில். “சொல்லுக்கு அர்த்தம்... பாட்டுக்கான நோட்ஸ் மாதிரித்தான் இருக்கு.”

“மேடம்! ஒரு வரி வாசிச்சுப் பாருங்க! ஓடக்காரன்னு...”

“உங்கள் பாஷையில் பேசாதே!” ஜகதாப் மேஜையைத் தட்டினார்.

‘அண்ணி’ என்ற சொல் ஜான்சியின் தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை. இப்படிக் கழுத்தை அறுக்கிறவளிடம் உறவு சொல்லி என்ன ஆகப்போகிறது? கிரிஜா படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பியே பார்க்காமல் போய்விட்டாள்.

ஜான்சிக்கு வேறு விடைத்தாள் கொடுத்தார்கள். எழுதி முடி, தீர்ப்பைப் பல்கலைக்கழகம் சொல்லும் என்றார்கள். அறிக்கை மாலை ஐந்து மணிக்கு விடைத்தாள் கட்டோடு போகும். குற்றம் ஊர்ஜிதமானால் மூன்று வருஷத்துக்குப் பரீட்சை எழுத முடியாது. அதற்குப் பிறகு அவள் என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது.

*

ஒரு மணிக்கு வாசலில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற ஆரோக்கியமேரி, மகள் முகத்தைப் பார்த்ததுமே மூடிவிட்டாள்.

“என்னடி? பேப்பர் கஷ்டமா?”

ஜான்சி சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பாதி அழுகை, பாதி விக்கல். கிரிஜா பேர் வந்ததும் ஆரோக்கியமேரியின் முகம் மாறிவிட்டது.

“அவளா? அவளா அப்பிடிச் சொன்னா?”

“ஆமாம்மா. நல்லா உத்து உத்துப் பாத்துட்டுத்தான் சொன்னா. இப்ப வீட்டுக்குப் போயிட்டாளாம்.”

“எம் மவனத்தான் கொண்டுக்கிட்டுப் போனா. போகட்டும்னு விட்டேன். இப்ப எம் மவ சோத்துலயும் மண்ணள்ளிப் போடுறாளா? வாடி!”

“எங்கம்மா?”

“பாணேருக்கு. அஞ்சு மணிக்குள்ள அவ வாயாலயே மாத்திச் சொல்ல வைக்கிறேன். இல்லைன்னா நான் ஆரோக்கியமேரி இல்ல.”

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்த கவர் ஒன்று அவள் பர்ஸில் மடித்துக் கிடந்தது. அதில் மகன் வீட்டு முகவரி. ஒரு வருஷத்துக்கு மேலாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்பது ஜான்சிக்கு அன்றுதான் தெரிந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் மூன்று ஆட்டோக்காரர்கள் பாணேர் என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள் ஏற்றிக்கொண்டான்.

வழி நெடுக ஆரோக்கியமேரி திட்டிக்கொண்டே வந்தாள். ஜான்சி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். மூன்று வருஷம் என்றால் வயசு இருபத்தேழு. அதற்குள் பள்ளிக்கூடத்தில் அவள் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். காப்பி அடித்துப் பிடிபட்டவள் என்று கிர்க்கி முழுக்கத் தெரிந்துபோயிருக்கும். ஞாயிறு பூசையில் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பது? ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றிவிட்டது. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

நான்காவது மாடி. அழைப்பு மணியை ஆரோக்கியமேரி வைத்த விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

கிரிஜா கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. விஜய் கம்பெனி வேலையாகப் பெங்களூர் போய் நாலு நாள் ஆகிறது. வீட்டில் அவள் மட்டும்தான்.

“உள்ள வாங்கோ ஆன்ட்டி...”

“வாறேன், வாறேன். விருந்து சாப்பிடவா வந்திருக்கேன்?” செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தாள் ஆரோக்கியமேரி. “என்ன பாவம்டி பண்ணுச்சு இந்தப் புள்ள? உன்ன ஒரு வார்த்த பேசியிருப்பாளா? நீ எங்க புள்ளயக் கட்டிக்கிட்டுப் போனப்பகூட ‘நல்ல அண்ணிம்மா’ன்னு எங்கிட்டச் சண்டை போட்டவடி இவ!”

“ஆன்ட்டி, ப்ளீஸ்...”

“எழுதியிருக்கிறத எழுதியிருக்குன்னு சொல்றதுக்கு என்ன கேடு? வஞ்சம் வச்சுத்தானே செஞ்ச? எம்மேல உள்ள கோவத்த எம்மேல காட்டு. நான் மானம் மருவாதிய விட்டுட்டு உனக்கு லெட்டர் போட்டேன். ஒத்த வரி பதில் போட்டியா நீ?”

கிரிஜா படுக்கை அறைக்குப் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஓர் இன்லண்ட் கடிதம் இருந்தது. ஓரமெல்லாம் கிழியாமல் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தது.

“இதுல...” கிரிஜா அதை நீட்டினாள். “இதுல என்ன எழுதியிருக்கேள்?”

ஆரோக்கியமேரிக்குப் புரியவில்லை. ஜான்சிக்குப் புரிந்தது. புரிந்த வேகத்தில் அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணி... உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?”

கிரிஜா இல்லை என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. பிறந்தது புணேயில், படித்தது மத்திய அரசுப் பள்ளியில். இந்தி, சமஸ்கிருதம், இங்கிலீஷ், எல்லாம் படித்தாள். தமிழ் வாயோடு சரி. அப்பா கிருஷ்ணஸ்வாமி பேங்கிலிருந்து வந்து சொல்லித் தருகிறேன், சொல்லித் தருகிறேன் என்றே ரிடையர் ஆகிவிட்டார்.

“எனக்குப் படிக்க வராதுன்னு விஜய்க்கும் தெரியாது” என்றாள் கிரிஜா. “டிரெயினிங்ல இருக்கறச்சே தமிழ்லதான் லெட்டர் எழுதுவார். பக்கம் பக்கமா. ‘ரொம்ப நன்னா எழுதியிருக்கேள்’னு போன்ல சொல்லிடுவேன். ஒண்ணுகூடப் படிச்சதில்லை. அப்பறம் சொல்றதுக்கு ஷரம்... வெக்கமா இருந்தது. உங்க லெட்டர் வந்தப்போ திட்டித்தான் எழுதியிருப்பேள்னு பயந்துட்டேன். அவர்கிட்டக் காட்டாம உள்ள வச்சுட்டேன்.”

ஆரோக்கியமேரி கடிதத்தை வாங்கினாள். மகளிடம் நீட்டினாள். “நீ வாசி.”

ஜான்சி வாசித்தாள்.

“அன்புள்ள மருமகள் கிரிஜாவுக்கு, அத்தை எழுதுவது. நடந்தது நடந்துவிட்டது. நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதான். வருகிற கிறிஸ்துமஸுக்கு விஜய்யோடு கட்டாயம் வரவும். உங்கள் வழக்கப்படி கறி மீன் இல்லாமல் தனியாகச் சமைத்து வைக்கிறேன்...”

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கிரிஜா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். படிக்க ஆள் இல்லாமல் ஒரு வருஷமும் நாலு மாசமும் பீரோவுக்குள் கிடந்த அழைப்பு அது. இங்கே வஞ்சம் என்று ஒருத்தி வைது தீர்க்கிறாள். அங்கே வசவு என்று ஒருத்தி பூட்டி வைக்கிறாள். யாரை நோவது சொல்லுங்கள்!

ஆரோக்கியமேரிக்குக் கோபம் வடிந்துவிட்டது. அந்த இடத்தில் வேறு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி.

“எந்திரிம்மா. மொகத்தக் கழுவு. வந்து உள்ளதச் சொல்லு. எம் பொண்ணு பொழைச்சுப்பா.”

“சொல்ல முடியாது ஆன்ட்டி.”

“என்னது?”

“நான் புரொபேஷன்ல இருக்கேன். அடுத்த வாரம் கன்ஃபர்மேஷன். படிக்கத் தெரியாம படிச்ச மாதிரி கையெழுத்துப் போட்டேன்னு சொன்னா என்னை நிறுத்திடுவா. காலேஜ் பூரா சிரிக்கும். கிளாஸ்ல நான் பசங்களுக்கு மீனிங் சொல்லித் தரேன். எனக்கே என் பாஷை படிக்கத் தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்?”

“அப்ப என் பரீட்சை?” ஜான்சி எழுந்தாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி ஆரோக்கியமேரியே கேட்டதில்லை. “உங்களுக்கு ஒரு நாள் வெக்கம் அண்ணி. எனக்கு மூணு வருஷம்! இந்தச் சனியன் பிடிச்ச பேப்பருக்காக நான் எத்தன நாள் தூங்கலைன்னு தெரியுமா? இன்னிக்குத்தான் முத தடவையா எனக்குப் புரிஞ்சுது. எல்லாம் புரிஞ்சுது! புரிஞ்ச அன்னிக்கே பிடுங்கிட்டாங்க. நீங்களும் சேந்து பிடுங்கினீங்க!”

ஆரோக்கியமேரி இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். மருமகளைப் பார்த்து மாமியார் கும்பிடுகிற காட்சியைக் கிரிஜாவால் பார்க்க முடியவில்லை. அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“வரேன். ஆனா ஒண்ணு பண்ணலாம். காலம்பற அவசரத்துல பார்த்தேன், இப்போ யோசிச்சேன், அது பேசேஜோட அர்த்தம்தான்னு சொல்லிடறேன். ஜான்சி, நீ என்ன எழுதினேன்னு வரிவரியாச் சொல்லு. நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்.”

ஜான்சிக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். ஆனால் முழுகப் போகிறவனுக்குத் துரும்பும் தெப்பம்தானே. சரி என்றாள்.

*

திரும்பிப் போகிற ஆட்டோவில் ஒரு விசித்திரமான வகுப்பு நடந்தது. ஆங்கிலம் படிக்கிறவள் சொல்ல, ஆங்கிலம் சொல்லித் தருகிறவள் தமிழை ஒப்பித்தாள்.

“ஆத்துல தண்ணி ஏறினபோது ஓடக்காரன் கயித்த அவுத்தான்...”

“ஓடக்காரன் கயித்த அவுத்தான்...”

“மறுகரைப் பொண்ணு பேர் சொல்லிக் கூப்பிட்டா...”

கணேஷ்கிண்ட் ரோட்டில் ஏதோ மந்திரி போகிறார் என்று இருபது நிமிஷம் நிறுத்திவிட்டார்கள். ஆரோக்கியமேரி ஜெபமாலையை எடுத்தாள். ஆட்டோக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுப் புகையிலையைக் கசக்கினான். பின்சீட்டில் மூன்று பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

கேம்ப்பில் இறங்கும்போது மணி நாலு நாற்பத்தைந்து. ஆரோக்கியமேரியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் ஓடினார்கள்.

ஜகதாப்பின் மேஜை மேல் விடைத்தாள் கட்டு துணியில் தைத்து அரக்கு வைத்துத் தயாராக இருந்தது. பக்கத்தில் தனிக் கவர், இன்னும் ஒட்டப்படவில்லை. அதற்குள்தான் ஜான்சியின் தலையெழுத்து இருந்தது.

“சார், ஒரு திருத்தம்” என்று கிரிஜா மராத்தியில் ஆரம்பித்தாள். ஆட்டோவில் படித்ததை நன்றாகவே ஒப்பித்தாள். ஓடக்காரன், கயிறு, வெள்ளம், மறுகரைப் பெண். காலையில் வகுப்பு அவசரத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்றாள்.

ஜகதாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கேள்வித்தாளைக் கவரிலிருந்து எடுத்தார். உரைநடைப் பகுதியை ஒரு தடவை படித்தார். அவர் முகம் கொஞ்சம் இளகுகிற மாதிரித்தான் இருந்தது.

“நீங்கள் சொல்வது பொருந்துகிறது மேடம். அப்படியென்றால் இந்தப் பெண் நிரபராதி. விதியை மீறி எழுதியதற்கு எச்சரிக்கை போதும்.”

ஜான்சி கண்ணை மூடிக்கொண்டாள். மாதாவே, மாதாவே!

“ஒன்றே ஒன்று.” ஜகதாப் பென்சிலை எடுத்துக் கிரிஜாவிடம் நீட்டினார். “கயிறு என்று எழுதியிருக்கிற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அறிக்கையோடு இணைக்க வேண்டும்.”

கிரிஜா பென்சிலை வாங்கினாள். பக்கத்தில் இருபது வரி இருந்தது. ஜான்சிக்குத் தெரியும், நாலாவது வரி, இரண்டாவது சொல். ஒரு அடி எடுத்து வைத்தாள்.

“நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நில்” என்றார் ஜகதாப், அவளைப் பார்க்காமலே.

ஜான்சி திரும்பினாள். மஞ்சள் சுண்ணாம்புச் சுவர். மின்விசிறி கடகடத்தது. வெளியே யாரோ சைக்கிள் பூட்டுகிற சத்தம். பென்சில் காகிதத்தில் படுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. குத்துமதிப்பாகவாவது எங்காவது ஒரு கோடு போட்டுத் தொலையேன் அண்ணி என்று மனசுக்குள் கதறினாள். அடுத்த நொடியே, வேண்டாம், வேண்டாம், தப்பான இடத்தில் போட்டால் எல்லாம் போச்சு என்று தன்னையே அடக்கினாள்.

பென்சிலை மேஜை மேல் வைக்கிற சத்தம்தான் கேட்டது.

“சார், எனக்குத் தமிழ் படிக்க வராது.”

கிரிஜா மராத்தியில்தான் சொன்னாள். நிதானமாகச் சொன்னாள். காலையிலும் படிக்கவில்லை, இப்போதும் படிக்கவில்லை, காலையில் நீங்கள் கேட்டதற்கு வெட்கத்தில் ஆமாம் சொல்லிவிட்டேன் என்று முழுவதையும் சொல்லிவிட்டாள். இந்த வரிகளை இந்தப் பெண்தான் எனக்குச் சொல்லித் தந்தாள், தமிழ் படிக்கத் தெரிந்த எவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், எல்லாம் இதில் அப்படியே இருக்கும் என்றாள்.

ஜகதாப் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு எழுந்தார்.

“இரண்டு பொய் மேடம். காலையில் ஒன்று, இப்போது ஒன்று. முப்பது வருஷத்தில் மாணவர்களைப் பிடித்திருக்கிறேன், விரிவுரையாளரைப் பிடித்ததில்லை. இது உங்கள் வேலையைத் தின்றுவிடும், தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிந்துமா இந்தப் பெண்ணுக்காக ஓடி வந்தீர்கள்? எங்கிருந்தோ பரீட்சை எழுத வந்தவள்.” காலையில் கிரிஜா கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தூக்கிக் காட்டினார். “கடைசி வரி. ‘தேர்வருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை.’ உங்கள் கையெழுத்து. இதாவது உண்மையா? யார் இவள் உங்களுக்கு?”

சுவரைப் பார்த்து நின்ற ஜான்சி அந்தப் பதிலுக்குக் காது கொடுத்தாள். யாரும் இல்லை என்று அண்ணி சொல்லிவிட்டால் போதும். மனசாட்சி உறுத்தியது, வந்தேன் என்று சொல்லலாம். மன்னிப்பு கேட்டால் ஒருவேளை வேலை தப்பும். உறவு இருக்கிறது என்று சொன்னால் மூன்றாவது பொய்யும் அவள் தலையில் விழும்.

“மாஜி நணந்த் ஆஹே” என்றாள் கிரிஜா. “என் வீட்டுக்காரரோட தங்கை. என் நாத்தனார்.”

மராத்தியில் ஒரு தடவை, அந்த மனுஷருக்குப் புரியாத தமிழில் ஒரு தடவை.

யாரும் திரும்பச் சொல்லாமலே ஜான்சி திரும்பினாள். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டுப் பெண்ணாகக் கிரிஜா தன்னைச் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதையும் வேலையைக் கொடுத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது ஜான்சிக்கு.

ஜகதாப் அறிக்கையைக் கவருக்குள் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. கையில் பிடித்துக்கொண்டே போனை எடுத்துப் பிரின்சிபல் வீட்டு எண்ணை அழுத்தினார். மணி சரியாக ஐந்து. விடைத்தாள் கட்டை எடுத்துப் போக வந்த பல்கலைக்கழகப் பியூன் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

“கொஞ்சம் பொறு. இன்று இரண்டு பேர் மேல் எழுத வேண்டியிருக்கிறது” என்று அவனிடம் சொல்லிவிட்டு, ஜகதாப் பெண்கள் இருவரையும் பார்த்துக் கதவைக் காட்டினார். “வெளியே போய் உட்காருங்கள். சேர்ந்தே உட்காருங்கள்.”